லினக்ஸில் எழுதி விண்டோஸில் ஓட்டியவனின் பைத்தான் அனுபவம்

கூடலூரில் ஒரு பசுந்தேயிலைக் கொள்முதல் மையத்துக்குக் கணக்கு நிரல் எழுதவிருக்கும் நண்பர், வெளியிலிருந்து எதையும் நிறுவாமல் பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் ஸ்டாண்டர்டு லைப்ரரியை மட்டும் நம்பி இறங்கலாமா என்று கேட்டிருந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக அதே போன்ற நிரலை லினக்ஸ் மடிக்கணினியில் எழுதி, அலுவலகத்து விண்டோஸ் கணினியில் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். அவருக்கு அனுப்பிய பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் மனக்குறை ஒன்றுதான். ஆனால் அது தமிழில் தரவு வைத்திருப்பவர்களின் தலையில் வந்து விழுகிறது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் சார்புக்கு என்கோடிங் (எழுத்துகளை பைட் எனப்படும் எண்களாகப் பதியும் முறை) எதுவென்று சொல்லாவிட்டால், அது இயங்குதளத்தின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் அது பெரும்பாலும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8. எங்கள் அலுவலகத்தில் உள்ளது போல ஆங்கிலத்தில் அமைக்கப்பட்ட விண்டோஸில், தமிழுக்கு இடமே இல்லாத பழைய சிபி-1252. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி, யூடிஎஃப்-8 முறையில் 224, 175, 141 என்று மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. சிபி-1252 அட்டவணையில் 141க்கு எழுத்தே கிடையாது. உகரக் குறியின் கடைசி பைட்டான 129க்கும் கிடையாது. ஆகவே விவசாயிகளின் ஊர்ப்பெயர்கள் அடங்கிய இலைக் கணக்குக் கோப்பைப் படிக்கும்போது, 'கோத்தகிரி' இரண்டாம் எழுத்தில் இடறும். 'குன்னூர்' முதல் எழுத்தையே தாண்டாது. வரும் பிழைச் செய்தியோ எந்தக் கோப்பு, எந்த வரி என்று சொல்வதில்லை.

நிரல் நின்றுபோவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'உதகை' என்ற சொல்லில் புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை. தமிழில் அந்த ஒரு சொல் மட்டுமே இருந்த அமைப்புக் கோப்பை, அத்தகைய கோப்புகளைப் படிக்கும் கான்ஃபிக்பார்சர் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் படித்து, தவறான எழுத்துகளாகத் தந்தது. அவை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் முறைப்படி சேமிக்கப்பட்டன. விவசாயியின் கையில் கொடுத்த ரசீதில், ஊர்ப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில், உச்சியில் கீறல் போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட பதிவுக் குறியும் மாறி மாறி அச்சாகியிருந்தன. ஓப்பனுக்கும் கான்ஃபிக்பார்சருக்கும் என்கோடிங்கைக் குறிப்பிட்ட பிறகும் பழைய பதிவுகள் தாமாகத் திருந்தவில்லை. அவற்றைச் சிபி-1252 பைட்டுகளாக்கி, மறுபடி யூடிஎஃப்-8 ஆகப் படித்து, அட்டவணை அட்டவணையாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பைத்தானை உருவாக்குபவர்களுக்கு இது தெரியாததல்ல. 2018இல் வந்த 3.7 பதிப்பில் எங்கும் யூடிஎஃப்-8ஐயே வழக்கமாக்கும் யூடிஎஃப்-8 பயன்முறையைச் சேர்த்தார்கள். 2021இல் வந்த 3.10இல் என்கோடிங்கைச் சொல்லாத இடங்களைச் சுட்டும் எச்சரிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஆனால் நாமே கேட்டால்தான் அது வாய் திறக்கும். பெப் 686 என்ற பைத்தான் மாற்ற முன்மொழிவின் முடிவுப்படி 3.15 முதல் யூடிஎஃப்-8 இயல்பாகிறது. நல்ல முடிவு, மிகவும் தாமதமான முடிவும்கூட. எங்கள் அலுவலகக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7, அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பு 3.8. பைத்தான்யூடிஎஃப்8 என்ற சூழல் மாறியை (இயங்குதளத்தில் வைக்கும் ஓர் அமைப்பை) 1 என வைத்து அந்தப் பயன்முறையை இயக்கிச் சமாளிக்கிறேன்; யாராவது கணினியைத் துடைத்து மறுபடி நிறுவினால் அதுவும் போய்விடும்.

மற்றவற்றில் இந்த லைப்ரரி என்னைக் கைவிட்டதே இல்லை. பருவமழையில் எடை பதியும்போதே மின்சாரம் போனபோதும் எஸ்க்யூலைட் ஒரு பதிவைக்கூடப் பாதியில் விட்டதில்லை. கோப்புப் பாதைகளைக் கையாளும் பாத்லிப் வந்த பிறகு, இரண்டு தளங்களிலும் வேறுபடும் சாய்கோட்டுத் தொல்லை முற்றிலும் ஒழிந்தது. ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் பெயர் மாற்றும்போது ரீநேம் என்ற சார்பு விண்டோஸில் மறுக்கும். ரீப்ளேஸ் என்ற சார்பு இரண்டு தளங்களிலும் ஒன்றுபோல் நடந்துகொள்கிறது. 3.11இல் வந்த, டாம்ல் வகை அமைப்புக் கோப்புகளைப் படிக்கும் டாம்லிப், கோப்பைப் பைனரியாகவே (வெறும் பைட்டுகளாகவே) கேட்டு யூடிஎஃப்-8 ஆகத்தான் படிக்கிறது. தொடக்கத்திலிருந்தே எல்லாமும் அப்படி இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். பழைய விண்டோஸ் கணினியில், தமிழ்ப் பெயர்களோடு, ஒருவரே எழுதிப் பராமரிக்கப்போகும் நிரலுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த ரசீதைப் பார்த்த கோபம் இன்னும் தணியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அதையும் மீறிப் பைத்தான்தான் என்று அவர் முடிவெடுத்தால், ஓப்பன், கோப்பை முழுதாகப் படிக்கும் ரீட்_டெக்ஸ்ட், கான்ஃபிக்பார்சர், நிகழ்வுகளைப் பதியும் லாகிங் கோப்பு, பிற நிரல்களை ஓட்டும் சப்ப்ராசஸ் ஆகிய ஒவ்வொன்றிலும் என்கோடிங்கைக் கையால் எழுதட்டும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எழுதும் இடங்களில் ஓப்பனின் நியூலைன் அமைப்பை வெற்றுச் சரமாக வைக்கட்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு வெற்று வரி விழும்.