லெய்ன் முதல் எபிசோட் – கரண்ட் கம்பி சத்தத்துக்கே பயம் வருது

சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் கிளைமாக்ஸ் புரியல, தலை சுத்துதுன்னு அங்க போயிடுறாங்க, முதல் எபிசோட எவ்ளோ நிதானமா செதுக்கியிருக்காங்கன்னு யாரும் பெருசா சொல்றதில்ல, அதான் அத பத்தி மட்டும் எழுதுறேன். 1998ல டிவில வந்த 13 எபிசோட் அனிமே (ஜப்பான் கார்ட்டூன் தொடர்), ஒவ்வொன்னுக்கும் லேயர்னு தான் நம்பர் போட்டிருப்பாங்க. டைரக்டர் ரியூடாரோ நகமுரா, கதை சியாக்கி கொனாகா, கேரக்டர் டிசைன் யோஷிடோஷி அபே.

கதைன்னு பாத்தா கொஞ்சம் தான். ராத்திரி, ஜனம் நிறைஞ்ச நகரம், சிசான்னு ஒரு ஸ்கூல் பொண்ணு மாடியிலேர்ந்து குதிச்சு செத்துடுறா (இந்த மாதிரி காட்சி பாக்க கஷ்டமா இருக்கும்னா முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க). அப்புறம் ஸ்கூல்ல சில பொண்ணுங்களுக்கு அவ பேர்ல ஈமெயில் வர ஆரம்பிக்குது. யார்கிட்டயும் அதிகம் பேசாத நம்ம ஹீரோயின் லெய்ன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணி பாத்தா அவளுக்கும் வந்திருக்கு, உடம்ப மட்டும் தான் விட்டுட்டேன், நான் இன்னும் இருக்கேன்ங்கற மாதிரி. இத படிக்கும்போது லெய்ன் கத்தல, அழல, பதில் கேள்வி கேக்குறா, அந்த இடத்துல எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு.

ஆனா இதுல நிஜமான பேய்னா அது சத்தம் தான். லெய்ன் வீட்டுலேர்ந்து ஸ்கூலுக்கு நடந்து போற சீன் பாருங்க. பேக்கிரவுண்ட் மியூசிக் கிடையாது, தலைக்கு மேல போற கரண்ட் கம்பிங்க ம்ம்ம்னு ஒரே சுருதில உறுமிக்கிட்டே இருக்கு, ரோடு கண்ணு கூசுற அளவுக்கு வெள்ளையா இருக்கு, ஆனா நிழல் விழற இடத்துல மட்டும் திட்டு திட்டா செவப்பா ஏதோ கசிஞ்ச மாதிரி கலர் போட்டிருப்பாங்க. ஒரு பொண்ணு தெருவுல நடக்குறா, அவ்ளோ தான், அதுக்கே அடுத்து என்னமோ நடக்கப்போகுதுன்னு மனசு அடிச்சுக்குது. ஹெட்ஃபோன் போட்டு பாத்தா தான் இதோட அருமை தெரியும், போன் ஸ்பீக்கர்ல பாத்தா பாதி எபிசோட் போயிடும்.

இன்னொன்னு அந்த வீடு. செத்துப்போன பொண்ணுகிட்டேர்ந்து மெயில் வந்துச்சுன்னு லெய்ன் அம்மாகிட்ட சொல்றா, அம்மா கண்டுக்கவே இல்ல. அப்பாகிட்ட போய் புது கம்ப்யூட்டர் வேணும்னு கேட்டா மட்டும் அவர் முகத்துல சந்தோஷம் வருது. பெத்த பொண்ண விட மெஷின் பத்தி பேச ஆர்வமா இருக்குற ஒரு அப்பாவ 1998லயே எழுதியிருக்காங்க, மெயிலே பல பேருக்கு புதுசா இருந்த காலம் அது. ரத்தம் தெறிக்குற எத்தனையோ ஹாரர் அனிமே பாத்தாச்சு, இந்த அம்மாவோட மௌனம் அளவுக்கு எதுவும் என்னை தொந்தரவு பண்ணல.

குறை இல்லாம இல்ல. கிளாஸ் ரூம்ல போர்டு எழுத்து கலங்கி, லெய்ன் விரல்லேர்ந்து புகை மாதிரி கிளம்புற இடம் கொஞ்சம் இழுவை. நடுவுல ஸ்கிரீன் பூரா எழுத்து போட்டு காட்டுறதும் சப்டைட்டிலோட சேந்து வர்றப்ப எத படிக்கிறதுன்னு குழப்பும். ஜப்பானிய ஆடியோலயே பாருங்க, லெய்னுக்கு குரல் குடுத்த கவோரி ஷிமிசு ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல விடுற இடைவெளி இருக்கே, அந்த கூச்சம் அப்படியே காதுல விழும். ஓப்பனிங் பாட்டு டூவே (Duvet), போவான்னு ஒரு பிரிட்டிஷ் பேண்ட் பாடுனது, ஸ்கிப் பண்ணிடாதீங்க.

ரொம்ப ஸ்லோவா இருக்கேன்னு தோணினா ரெண்டாவது லேயரையும் சேத்து ஒரே மூச்சா பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, அதுல கதை சட்டுனு வேகம் பிடிக்குது.