தோளில் தசைநார் கிழிந்தால்: தைப்பதா, பயிற்சியோடு நிறுத்திக்கொள்வதா?

தோள் வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, 'ரொட்டேட்டர் கஃப் டேர்' என்று அறிக்கை வந்துவிட்டால் போதும், வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "கத்தி வைக்காதே, பிசியோதெரபி போதும்" என்று ஒரு கட்சி. "தள்ளிப் போடாதே, தைத்துவிடு" என்று இன்னொரு கட்சி. எங்கள் வீட்டில் மூன்றாவது கட்சியும் இருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து சித்தப்பா போன் போட்டு, "புத்தூருக்குப் போய் ஒரு கட்டுப் போட்டுக்கிட்டு வாம்மா" என்றார்.

நான் தைத்துக்கொண்டேன். என் நாத்தனார் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார். இருவரும் பெங்களூரில்தான் இருக்கிறோம். நான் அல்சூர், அவர் ஸ்ரீராமபுரம். என் சாய்வு அறுவை சிகிச்சை பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவருடைய தோளுக்கு அவர் எடுத்த முடிவுதான் சரி என்பது என் எண்ணம்.

தோள் மூட்டின் பந்தை நான்கு தசைகளின் நார்கள் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இந்தச் சுற்றுக்குப் பெயர்தான் ரொட்டேட்டர் கஃப். அவற்றில் அடிக்கடி கிழிவது மேலே இருக்கும் சூப்ராஸ்பைனேட்டஸ். கையைப் பக்கவாட்டில் தூக்க அது வேண்டும். புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்குப் போடுவது. எலும்பை விட்டு விலகிய நாரை வெளியிலிருந்து கட்டி ஒட்டவைக்க முடியாது. சித்தப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன், ஏற்றுக்கொண்டார். தைலம் இதமாக இருக்கும், தேய்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

செலவைப் பார்த்தால் பயிற்சிதான் மலிவு, அதில் வாதமே இல்லை. தையலில் கணிசமான தொகை ஆங்கருக்குப் போகும். எலும்புக்குள் இறக்கி நூலைப் பிடித்துக்கொள்ளச் செய்யும் சின்ன முளை அது. கிழிசலைப் பொறுத்து ஒன்றும் போதும், நான்கும் வேண்டியிருக்கும். ஆகவே மருத்துவமனை சொல்லும் 'பேக்கேஜ்' தொகையில் எத்தனை ஆங்கர் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும் பாலிசிகளில் வெறும் பிசியோதெரபிக்குக் காசு வராது. அறுவைக்குப் பிறகு 60 அல்லது 90 நாள் வரை ஆகும் செலவுக்கு ஒரு பிரிவு பல பாலிசிகளில் உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் காலத்துப் பிசியோதெரபியை அதில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயம். அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கிழிசல் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் தேடுகிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: அந்த நாருக்குச் சொந்தமான தசை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

நார் எலும்பை விட்டு முழுவதும் விலகிவிட்டால் தசைக்குப் பிடிமானம் போய்விடுகிறது. இழுக்க ஒன்றும் இல்லாத தசை உள்வாங்கிச் சுருங்கும், மெலியும், நாளாக ஆக அதன் இழைகளுக்கு நடுவே கொழுப்பு படியும். பிரெஞ்சு மருத்துவர் கூட்டாலியே 1994-இல் இதைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை படிகளாக வகுத்தார். பூஜ்யம் என்றால் கொழுப்பே இல்லை. மூன்று என்றால் தசையும் கொழுப்பும் பாதிக்குப் பாதி. நான்கு என்றால் தசையைவிடக் கொழுப்பு அதிகம். அவர் சி.டி. ஸ்கேனை வைத்து வகுத்ததை இப்போது எம்.ஆர்.ஐ.யிலும் சொல்கிறார்கள். இரண்டைத் தாண்டிவிட்டால், தைத்தாலும் மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பு கூடுகிறது. தையல் நன்றாகப் பிடித்தால்கூட, ஒரு தடவை படிந்த கொழுப்பு பெரும்பாலும் விலகுவதில்லை. நைந்த துணியில் எவ்வளவு உறுதியான நூலைப் போட்டாலும் அது துணியை அறுத்துக்கொண்டு வந்துவிடும், அந்த மாதிரிதான்.

என் மருத்துவர் கணினித் திரையில் ஒரு படத்தை நிறுத்திக் காட்டினார். தோள்பட்டை எலும்பு ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில் தெரியும் குறுக்குவெட்டு அது. ஒய்யின் மேல்பக்கப் பள்ளத்தில் தசை சாம்பல் நிறத்தில் நிறைந்திருந்தது. நடுவே மெல்லிசாக ஓரிரண்டு வெள்ளைக் கீற்று. "இந்த வெள்ளைதான் கொழுப்பு. இப்போதைக்கு ஒன்றாம் படி. இன்றைக்குத் தைக்கத் தசை இருக்கிறது. அடுத்த வருஷம் வந்து கேட்டால் இதே பதிலைச் சொல்வேன் என்று உறுதி தர முடியாது" என்றார்.

எனக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. பயிற்சியை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தைத்த பிறகும் செய்துதான் ஆக வேண்டும். போன தசையை வாங்கித்தர யாரும் இல்லை. அதுவும் என்னுடையது தெருவில் தடுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் ஒரேயடியாகக் கிழிந்தது. அதற்கு முதல் நாள் வரை அதே கையால் இட்லிக் குண்டானை இறக்கிக்கொண்டிருந்தவள் நான்; வீட்டிலிருந்தே டிபன் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. நல்ல தோள் அடிபட்டு முழுசாகக் கிழிந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்றுதான் பெரும்பாலான தோள் நிபுணர்கள் சொல்கிறார்கள்.

இங்கே பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. விழுந்த சில வாரங்களில் வலி தானாகவே தணியும். மற்ற தசைகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும், கையும் ஓரளவு மேலே போகும். 'பரவாயில்லை, சரியாகிக்கொண்டு வருகிறது' என்று விட்டுவிடத் தோன்றும். வலி குறைந்திருப்பதால் தசை பிழைத்துவிட்டது என்று ஆகாது. அது வலியில் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும்.

பயிற்சிக் கட்சியின் கையிலும் வலுவான சான்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமில்லை. பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களை, அடிபடாமல் தேய்ந்து கிழிந்த சூப்ராஸ்பைனேட்டஸ் உள்ளவர்களை மட்டும் எடுத்து, மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் பயிற்சி, இன்னொன்றுக்கு நாருக்கு மேலே இருக்கும் எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்குவதும் பயிற்சியும், மூன்றாவதற்கு இவற்றோடு தையலும். 2014-இல் வந்த ஓராண்டு முடிவில் மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. நார்வேயில் சிறிய, நடுத்தர அளவிலான முழுக் கிழிசல் உள்ள 103 பேரைத் தையல், பயிற்சி என்று பிரித்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சிப் பிரிவில் ஒரு பகுதியினர் பிறகு அறுவைக்கே வந்தார்கள். 5 ஆண்டில் சிறிதாக இருந்த வேறுபாடு 10 ஆண்டில் தையலுக்குச் சாதகமாகக் கூடியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: வயதான, மெல்லத் தேய்ந்த தோளுக்கு முதலில் பயிற்சி, இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டிய தோளுக்குத் தையல்.

நாத்தனார் முதல் வகை. அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு, எப்போது கிழிந்தது என்று அவருக்கே தெரியாது. பகுதிக் கிழிசல்தான், நார் எலும்பை விட்டு விலகவில்லை, அதனால் தசைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தார். இன்றைக்கு மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்கிறார், கொடியில் துணி காயப்போடுகிறார். "உனக்கு அண்ணன் இருந்தார், கூட நின்று பார்த்துக்கிட்டார். எனக்கு ஆறு வாரம் யார் சோறு போடுவா?" என்று கேட்டார். அதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய காரணம்தான்.

தையல் என்று முடிவானால், துளை வழியே ஆர்த்ரோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுச் செய்வதா, திறந்து செய்வதா என்று அதிகம் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்டதில் இரண்டு ஆண்டு கழித்து வேறுபாடு இல்லை. மருத்துவருக்குக் கை பழகிய முறையில் செய்யட்டும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வேறோர் இடத்தில்: கிழிசலே இல்லாமல், 'எலும்பு உரசுகிறது, செதுக்கிவிட்டால் போதும்' என்று சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செதுக்கலையும், உள்ளே பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடியதையும் ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நோயாளிக்கு உபயோகப்படும் அளவுக்கு வித்தியாசம் இல்லை.

தைத்த பின் வரும் மாதங்களை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். கைக்கும் இடுப்புக்கும் நடுவே குட்டித் தலையணை வைத்த ஸ்லிங், ஆறு வாரம். படுத்துத் தூங்க முடியாது. சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூக்கம். முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த நைட்டி தவிர எதுவும் போட முடியாது. என்னுடையது வலது கை. சாதத்தை இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டேன், தலையை மகள் பின்னிவிட்டாள். முதலில் தரும் பயிற்சி பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்: மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, தைத்த கையைத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அது தானாகச் சின்ன வட்டம் போட விட வேண்டும். கையை நாமாக அசைக்கக் கூடாது. 1909-இலேயே கிழிந்த நாரைத் தைத்துப் பார்த்த பாஸ்டன் மருத்துவர் காட்மனின் பெயரில் வழங்கும் பயிற்சி இது.

ஸ்லிங் கழன்ற பிறகுதான் உண்மையான வேலை. கதவு மேலே கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றதைத் தூக்குவது. கேம்பிரிட்ஜ் ரோட்டில் நான் போன பிசியோதெரபிஸ்ட் பெண், "கை மேலெ எத்தி அம்மா, இன்னொந்து சொல்ப" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிடுவார். மூன்று மாதத்துக்குப் பிறகுதான் ரப்பர் பட்டை. கனமான பாத்திரம் தூக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள், ஆயிற்று. அதுவரை குண்டானை இறக்க ஆள் வைத்துக்கொண்டேன், வருமானம் குறைந்தது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம், ஆறுவதும் தாமதம். அறுவைக்கு முன் மூன்று மாதச் சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். சிகரெட்டும் ஒட்டுவதைக் கெடுக்கும். தோள் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டவுடனே அறுவை செய்தால் தொற்று அபாயம் என்பதால் இடைவெளி விடுவார்கள். ஊசி எப்போது போட்டீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வயதும் கிழிசலின் அளவும் கூடக் கூட, தைத்தது மறுபடி விடும் வாய்ப்பும் கூடுகிறது. விளையாடும் இளைஞர்களுக்குத் தோள் அடிக்கடி கழன்றுபோவது வேறு பிரச்சினை; அதற்கு என் அனுபவத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

தசை முழுக்கப் போய், மூட்டும் தேய்ந்துவிட்ட முதியவர்களுக்கு ரிவர்ஸ் தோள் மாற்று இருக்கிறது. 1985-இல் பிரான்சில் கிராமோன் வகுத்த முறை: பந்தைத் தோள்பட்டைப் பக்கமும் கிண்ணத்தைக் கை எலும்பிலும் வைத்து, வெளிப்புறத் தசையான டெல்டாய்டையே கையைத் தூக்க வைப்பது. நான் நேரில் அறிந்தவர் யாரும் அதைச் செய்துகொண்டதில்லை. வேறு வழி மூடிய பிறகு திறக்கும் கதவு என்ற அளவில் அது இருப்பது நல்லதே. ஐம்பதுகளில் இருப்பவர் தையலைத் தள்ளிப்போட அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது.

எங்கே செய்வது என்பதில் நம் ஆட்களுக்கு வேலூர் சி.எம்.சி. மீது பெரிய நம்பிக்கை. காட்பாடிக்கு ரயிலும் வசதி. கேட்டுப் பார்க்க, ஆலோசனைக்கு, தாராளமாகப் போகலாம். ஆனால் தைத்த கையோடு மாதக்கணக்கில் பிசியோதெரபிக்குப் போக வேண்டியது வீட்டுப் பக்கத்தில். மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடிந்தால் பாதிச் சங்கடம் இல்லை. அதனால் நான் இங்கேயே செய்துகொண்டேன். செலவு பெரிய கவலையாக இருந்தால் ஜெயநகரில் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை இருக்கிறது, மாநில அரசுடையது. முதலில் அங்கே காட்டிவிட்டு மற்றதை யோசியுங்கள்.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பவர்கள் வலி போனதோடு ஸ்கேனை மறந்துவிட வேண்டாம். கிழிசல் வளர்கிறதா, தசை மெலிகிறதா என்று இடையிடையே பார்த்தால்தான் தைக்கும் வாய்ப்பு கையைவிட்டுப் போகாது. நாத்தனாருக்கு அடுத்த ஸ்கேன் தீபாவளி முடிந்ததும். பகுதிக் கிழிசல் முழுக் கிழிசலாக ஆகியிருந்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறார். கூட வருகிறேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.