விட்டாப்பிறகு வா, பாப்பம்: 'த்ரீ ஓ'குளொக் ஹை' புளூ-ரே

"பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு வா, பாப்பம்." இந்த ஒரு வசனத்தை இழுத்து ஒன்றரை மணித்தியாலப் படமாக்கியிருக்கிறார்கள். 1987 ஒக்ரோபர் 9ஆம் திகதி அமெரிக்காவில் வெளியான 'த்ரீ ஓ'குளொக் ஹை', சுமார் 50 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்டு, அந்தக் காசைக்கூடத் தியேட்டரில் மீட்காமல் போனது. அந்த ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் வேறு சண்டை தொடங்கியிருந்தது. ஆங்கிலப் படத்தைப் பற்றி யோசிக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. அதனால் இந்தப் படம் எங்கட ஆக்களுக்கு ஏறக்குறையப் புதுப்படம். ஷவுட் ஃபக்டரி என்ற அமெரிக்க நிறுவனம் 2017இல் கொண்டுவந்த புளூ-ரே தட்டில் பார்ப்பதுதான் சரி. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

கதை ஒரே நாளில் நடக்கிறது. ஜெரி மிச்செல் (கேசி ஷெமாஷ்கோ) சாதுவான பெடியன். பாடசாலைக் கடையைப் பொறுப்பாகப் பார்க்கிறவன், மாணவர் பத்திரிகையிலும் எழுதுகிறவன். அன்றைக்குப் புதிதாகச் சேரும் பட்டி ரெவெலை (ரிச்சட் ரைசன்) பேட்டி எடு என்று ஆசிரியர் அனுப்புகிறார். ரெவெலுக்குத் தன்னை ஒருவர் தொட்டால் பிடிக்காது. கழிப்பறையில் பேச்சுக் கொடுத்து, சமாளிக்கிற அவசரத்தில் ஜெரி அவனைத் தொட்டுவிடுகிறான். மூன்று மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் சண்டை என்று தீர்ப்பு. (இங்கே அரச பாடசாலை 1.30க்கே விட்டுவிடும். மூன்று மணிக்கு எங்கட பெடியள் ரியூசனில் இருப்பாங்கள்; சண்டையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டி வரும்.)

மிச்ச நேரம் முழுவதும் ஜெரி தப்பப் பார்க்கிறான். ரெவெலை மாட்டிவிட அவனுடைய லொக்கருக்குள் வைத்த கத்தி சுற்றிவந்து ஜெரியின் கையிலேயே அகப்படுகிறது. ஓடப் பார்த்தால் காவலாளி பிடிக்கிறான். கடைக் காசை எடுத்து ஒரு முரட்டு விளையாட்டு வீரனைக் கூலிக்குப் பிடித்தால், அவனும் நூலகத்தில் ஒரே அடியில் விழுகிறான். புத்தக அலுமாரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்கின்றன. இங்கே திரைக்கதை கெட்டித்தனமானது: தப்புவதற்குச் செய்கிற ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிய குற்றமாகிக்கொண்டே போகிறது. காலையில் ஒரு பிழையும் அறியாத பெடியன், பின்னேரத்தில் திருடன். கடைசியில் ரெவெலுக்கே காசு கொடுத்து அடியைத் தவிர்க்கிறான். காசை வாங்கிக்கொண்டு ரெவெல் பார்க்கிற பார்வைதான் படத்தின் உண்மையான அடி. ஜெரி திரும்பிப் போய்க் காசைக் கேட்பது அதற்குப் பிறகுதான் நம்பும்படியாகிறது.

ஆனால் இந்தப் படத்தை வசனத்துக்காகப் பார்க்க வேண்டாம். வசனத்தில் சிரிப்பு குறைவு. சிரிப்பு முழுக்கக் கமராவில் இருக்கிறது. ஒளிப்பதிவு பரி சொனன்ஃபெல்ட். அதே 1987இல் கோயன் சகோதரர்களின் 'ரெய்சிங் அரிசோனா'வையும் எடுத்தவர், பின்னாளில் 'மென் இன் பிளாக்' இயக்கியவர். அகலக் கோண லென்ஸை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோவது அவருடைய கைப்பழக்கம். அப்படி எடுத்தால் மூக்கு முன்னே வரும், காது பின்னே போகும், ஓர் அடி அசைந்தாலும் ஓடிவந்த மாதிரித் தெரியும். அதிபரும் காவலாளியும் பிள்ளையின் கண்ணுக்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் திரையில் நிற்கிறார்கள். யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரில் 1930களில் கட்டிய உயர்நிலைப் பள்ளியில்தான் படப்பிடிப்பு. அந்த ஆர்ட் டெக்கோ கட்டடத்தின் நீண்ட நடைபாதைகளும் இந்த லென்ஸுக்கு என்றே கட்டின மாதிரி.

தொடக்கத்தை மட்டும் இரண்டு தரம் பாருங்கள். ஜெரி பிந்தி எழும்புகிறான். ஈரச் சேட்டை மைக்ரோவேவுக்குள் போடுகிறான். இது ஒரு சின்னப் பகிடி. ஆனால் ஒரு குண்டு வெடிக்கப்போகிற படத்துக்குரிய வெட்டும் நெருக்கமும் அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பாடசாலைக்குள் போனதும் ரெவெலைப் பற்றிய கதை வாய்க்கு வாய் மாறுகிறது. ஒரு கூட்டம் பேசி முடிக்க முன்னம் கமரா அடுத்த கூட்டத்துக்கு வழுக்கிப் போய்விடும். ஆளைக் காட்டாமலே ஆளுக்குப் பயப்பட வைக்கிறார் இயக்குநர் ஃபில் ஜொவானு. இது அவருடைய முதல் முழுநீளப் படம். மாணவராக எடுத்த குறும்படத்தைப் பார்த்து ஸ்பீல்பேர்க் கூப்பிட்டு வேலை கொடுத்த ஆள். கெட்டித்தனத்தைக் காட்டுகிற ஆசை சில இடங்களில் கூடிப்போய்த்தான் இருக்கிறது. மணிக்கூட்டை இத்தனை தரம் காட்டத் தேவையில்லை. பின்னணியில் டான்ஜரீன் டிரீம் குழுவின் சிந்தசைசர் இசை. மாணவர் நகைச்சுவைக்கு யாரும் போடாத இசை. அதனாலேயே வேலை செய்கிறது.

இப்போது பழைய வீடியோ நாடாவைப் பற்றி; புளூ-ரேயில் பாருங்கள் என்றது இதனால்தான். இந்தப் படம் உயிர் பிழைத்தது வீடியோவால்தான், ஆனால் வீடியோ அதைக் காயப்படுத்தியும் இருக்கிறது. 1.85:1 அளவுப் படத்தை 4:3 ரீவிக்குள் போட இரண்டு வழிதான்: பக்கங்களை வெட்டலாம், அல்லது மேலும் கீழும் தியேட்டரில் மறைத்த பகுதியைத் திறந்துவிடலாம். வெட்டினால் சட்டகத்தின் ஓரத்தில் நிற்கிற ஆள் போய்விடுவார். திறந்தால் முகத்துக்கு மேலே தேவையில்லாத வெளி வந்து நெருக்கம் போய்விடும். இன்னொரு சேதம் வேகத்தில். இலங்கை 'பால்' (PAL) என்ற ரீவி முறை உள்ள நாடு. செக்கனுக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தைப் 'பால்' நாடாவுக்கு மாற்றும்போது வழக்கமாக 25இல் ஓடவிடுவார்கள். 90 நிமிடம் 86 நிமிடமாகும், சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். மின்னிசையும் மணிக்கூட்டுச் சத்தமுமாக நகர்கிற படத்தில் அது காதுக்குத் தெரியும். புளூ-ரே 24இலேயே ஓடுகிறது.

வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வலயம், அதாவது தட்டு எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்கிற பூட்டு. இது வட அமெரிக்க வெளியீடு, வலயம் ஏ. இலங்கை புளூ-ரேயில் சி, டிவிடியில் 5. "எல்லா வலயமும் ஓடும்" என்று சொல்லி விற்கிற பிளேயர்களில் பல, டிவிடிக்கு மட்டுமே அப்படி. ரிமோட்டில் இலக்கம் அடித்துத் திறக்கிற வித்தை பெரும்பாலும் புளூ-ரே பக்கத்தைத் தொடாது. வாங்க முன்னம் ஏ வலயத் தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணினியில் பார்ப்பதென்றால் யூஎஸ்பி புளூ-ரே டிரைவ் ஒன்று வேண்டும். புளூ-ரேயின் வலயத்தைப் பார்ப்பது டிரைவ் அல்ல, ஓட்டுகிற மென்பொருள். விஎல்சி என்ற இலவச பிளேயர் மென்பொருளைத் தரவிறக்கினபடியே வைத்துக்கொண்டு போட்டால் தட்டின் பூட்டு திறக்காது. காசு கொடுத்து வாங்குகிற பிளேயர் மென்பொருள் தேவை. தட்டில் தமிழ் உபதலைப்பு இல்லை. இயக்குநரின் உரை ஒரு ஒலித்தடத்தில் இருக்கிறது. அதை இரண்டாம் தரம் பார்க்கும்போது போடுங்கள்.

ரீவியில் இரண்டு வேலை. படத்தின் ஓரத்தை வெட்டுகிற 'ஓவர்ஸ்கான்' அமைப்பு போட்டுக்கிடக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழைய நாடா செய்த அநியாயத்தில் கொஞ்சத்தைப் புது ரீவியும் செய்யும். அசைவை வழுவழுப்பாக்குகிற அமைப்பையும் அணையுங்கள். அது கிடந்தால் சொனன்ஃபெல்டின் பாய்ச்சல் எல்லாம் ரெலிநாடகமாகிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. பெண் பாத்திரங்களை எழுத யாரும் நேரம் எடுக்கவில்லை. ஆவி, விதி என்று பேசிக்கொண்டு திரிகிற ஃபிரானி நல்ல பாத்திரமாக வந்திருக்க வேண்டியவள், அரைவாசியில் விட்டுவிட்டார்கள். பாடசாலை முடிந்தும் தண்டனையாக மறிபட்டால் சண்டைக்குப் போகத் தேவையில்லை என்று ஜெரி ஆங்கில ஆசிரியையிடம் வேண்டுமென்றே எல்லை மீறுகிற காட்சி, அன்றைக்கும் மலிவு, இன்றைக்குப் பார்க்கச் சங்கடம். சின்னப் பாத்திரங்களில்தான் ஆட்கள் அகப்படுகிறார்கள்: ஃபிலிப் பேக்கர் ஹோல் துப்பறிவாளராக வந்து ஒரு புருவத்தை உயர்த்திவிட்டுப் போகிறார், பின்னாளில் இயக்குநரான போல் ஃபீக் நடைபாதை மொனிட்டராக நிற்கிறார்.

சண்டைக்குப் பிறகு கடைக் காசை ஈடுசெய்ய, மாணவர்கள் வரிசையில் நின்று ஒரு வெற்றுத்தாளை ஒரு டொலருக்கு வாங்குகிறார்கள். படத்தில் வசனம் தேவைப்படாத இன்னோர் இடம். சாதாரண தரம் எழுதுகிற வயதுப் பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாம். அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனிக்க வேண்டும்) என்றுதான் தரம் கொடுத்தார்கள், கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன. சாதாரண தர வயதுக்குக் கீழே என்றால் அந்த ஆங்கில வகுப்பு வரும்போது ரிமோட் உங்கட கையில் இருக்கட்டும்.