மே முகாமா, இடைவிடுமுறை வகுப்பா?

கோத்தகிரிக்குக் கீழே தேயிலைச் சரிவில் இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு பெற்றோர். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. முன்னாள் மாணவர்கள் திரட்டித் தந்த தொகையோ ஒரு மாத வகுப்புக்குத்தான் காணும். அதை மே மாதத்தில் மொத்தமாகச் செலவழிப்பதா, ஆண்டு முழுக்கப் பிரித்துக்கொள்வதா என்று பேச்சு வந்தது. பிரித்துக்கொண்டோம். என் ஓட்டும் அதற்குத்தான்.

மே முகாமின் நல்லது கெட்டது எல்லாருக்கும் தெரிந்ததே. சொல்லிக்கொடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் கிடைப்பார்கள்; ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஆனால் அதுதான் கொழுந்து கொட்டும் காலம். அம்மாக்கள் தோட்டத்தில் இருப்பார்கள், பாதிப் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்தில் பாட்டி வீட்டில் இருப்பார்கள்.

பிரித்து நடத்தும் யோசனை அமெரிக்காவில் ஆண்டு முழுவதும் இயங்கும் தொடக்கப்பள்ளிகளைப் பற்றிப் படித்ததில் வந்தது. விடுமுறையே கிடையாதோ என்று பயப்பட வேண்டாம். வேலை நாள் மற்ற பள்ளிகளைப் போலவே சுமார் 180தான். நீண்ட கோடை விடுமுறையை உடைத்து, 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை என்று மாறி மாறி வைக்கிறார்கள். மிசௌரியில் 1969-லேயே இப்படி ஒரு பள்ளி நடந்திருக்கிறது. பல இடங்களில் அந்த 15 நாளில் பின்தங்கியவர்களுக்கு மட்டும் வகுப்பு உண்டு. நீண்ட கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது, கணக்கும் எழுத்துக்கூட்டலும் அதிகம் அடிவாங்குகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 1996-ல் கணக்கிட்டார்கள். நாள்காட்டியை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பலன் சிறியது, ஏழைப் பிள்ளைகளிடம்தான் கொஞ்சம் கூடுதல் என்று பின்னால் சொன்னவரும் அவரே.

நாள்காட்டி நம் கையில் இல்லை, சரி. இங்கே முடிவைத் தீர்மானித்தது மழை. நீலகிரியின் மேற்கே கூடலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. 2009 நவம்பர் மண்சரிவுகளை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆக, காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு தீபாவளி, அதை ஒட்டி மழை விடுமுறை, கொஞ்சம் மூச்சு விட்டால் அரையாண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பள்ளி விட்டு விட்டுத்தான் நடக்கும். சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரை 200 வேலை நாள் வேண்டும் என்பதால் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். நாள் ஈடாகும், அறுந்த பாடம் ஈடாகாது.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலைப் பாருங்கள். செப்டம்பரில் சரியாகப் போட்ட பெண், மழை விடுமுறைக்குப் பிறகு 52-லிருந்து 27 போனால் 35 என்று எழுதினாள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டாள். இரண்டு நாள் தீக்குச்சிக் கட்டுகளை வைத்துப் பிரித்துக் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். மறந்த சூட்டோடு திருத்தினால் இவ்வளவுதான் வேலை. அதையே மே வரை விட்டுவைத்தால் அந்த 35 பழக்கமாகிவிடும், அதன் மேல் பெருக்கலும் வகுத்தலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஊரில் பி.எட். முடித்த பெண் ஒருவர் காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளிலும் நீண்ட மழை விடுமுறை முடிந்த வாரத்திலும் சமுதாயக்கூடத்தில் நடத்துகிறார். காலை மட்டுமே. மாலை வேண்டாம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். இருட்டினால் பாதையில் கரடியும் காட்டெருமையும் நிற்கும். இதில் பெரிய தொல்லை, ஆளைத் தக்கவைப்பது. முகாமுக்கு ஒரு மாதம் ஆள் பிடித்தால் போதும். இதற்கு ஆண்டு முழுக்க அவர் ஊரிலேயே இருக்க வேண்டும். நிரந்தர வேலை கிடைத்தால் போய்விடுவார், போகவும் வேண்டும்.

எங்களுடையது சின்னப் பள்ளி, ஒரு சுற்றுத்தான் நடந்திருக்கிறது. பள்ளி திறந்ததுமே மழை பிடிக்கும் கூடலூர்ப் பக்கத்துக்கு இதே கணக்கு பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் மே கடைசியில் ஒரு வாரம் வைக்கலாம் என்று இருக்கிறோம், அதுவரை பணம் மிஞ்சினால்.