வயிற்று டயாலிசிஸுக்கான இரட்டைப் பை: வாங்குமுன் தெரிய வேண்டியவை

இயந்திரம் இல்லாமல் வீட்டிலேயே கையால் செய்துகொள்ளும் டயாலிசிஸை சி.ஏ.பி.டி. என்பார்கள். வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வுதான் அங்கே வடிகட்டி. வயிற்றுக்குள் விடும் திரவத்தில் யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளும் மிகுதியான நீரும் வந்து சேரும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதிய திரவம் விட வேண்டும். இப்படி நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் ஒரு இரட்டைப் பை காலியாகும்.

பொருள் எளிமையானது. ஒரு பையில் பெரும்பாலும் 2 லிட்டர் திரவம் (1.5, 2.5 லிட்டரிலும் உண்டு), இன்னொரு பை காலி. இரண்டின் குழாயும் ஒய் வடிவில் சேர்ந்து ஒரே முனையாக முடியும். வயிற்றில் பொருத்தியிருக்கும் டென்காஃப் குழாயின் வெளிப்பக்கத்தில் டிரான்ஸ்ஃபர் செட் என்ற சிறு இணைப்புக் குழாய் இருக்கும். பையின் முனையை அதில் மாட்ட வேண்டும்.

திரவம் எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சோடியம் லிட்டருக்கு 132 மில்லிமோல் அளவில், பொட்டாசியம் துளியும் இல்லை, அமிலத்தை ஈடுகட்ட லாக்டேட், நீரை இழுக்க குளுக்கோஸ். ஆகவே நாம் உண்மையில் மதிப்பிட வேண்டியது இணைப்பு முனையைத்தான். இந்தச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று பெரிட்டோனைட்டிஸ் என்ற வயிற்றறைத் தொற்று. அது பெரும்பாலும் மாட்டும்போது விரல் படுவதால்தான் உள்ளே போகிறது.

1970களின் பிற்பகுதியில் இந்த முறை பரவத் தொடங்கியபோது நோயாளி ஒரே பையைக் கழற்றாமல், காலியானதும் மடித்து ஆடைக்குள் வைத்துக்கொள்வார். வடித்த பிறகு புதிய பையைக் குத்திச் சேர்ப்பார். சேர்க்கும் முனையில் ஒட்டிய கிருமி நேராக வயிற்றுக்குப் போகும். ஒய் வடிவம் வந்த பிறகு வரிசை மாறியது: முதலில் வடி, பிறகு குழாயைக் கழுவு, அதன்பின் நிரப்பு. கழுவும் நீர் காலிப் பைக்குப் போய்விடுகிறது. தொற்று குறைந்ததற்கு இந்த ஒரு மாற்றமே பெரிய காரணம்.

சந்தையில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. பாக்ஸ்டர் நிறுவனத்தின் அல்ட்ராபேக்கில் (அந்தச் சிறுநீரகப் பிரிவு 2025 முதல் வான்டிவ் என்ற பெயரில் இயங்குகிறது) முனையைத் திருகி மாட்டி, குழாய்களைக் கிளாம்பால் (குழாயை நெருக்கி அடைக்கும் கவ்வி) திறந்து மூட வேண்டும். திரவப் பையின் வாயில் உள்ள பிளாஸ்டிக் அடைப்பை வளைத்து உடைத்தால்தான் திரவம் வரும். முடிந்ததும் அயோடின் நனைத்த பஞ்சு உள்ள சிறு மூடி போட வேண்டும். ஃப்ரெசீனியஸின் ஸ்டே சேஃப் வேறு விதம். கிளாம்புக்குப் பதில் வட்டத் திருகி ஒன்று இருக்கிறது. வடிப்பது, கழுவுவது, நிரப்புவது, மூடுவது என்ற வரிசையிலேயே திரும்பும். கடைசி நிலையில் ஆணி போன்ற ஒரு சிறு முளை டிரான்ஸ்ஃபர் செட்டுக்குள் நுழைந்து வாயை அடைத்துவிடும், அதன் பிறகே கழற்றுவது.

எது நல்லது? கைவிரல் நடுங்குபவர்களுக்கும், பார்வை மங்கிய சர்க்கரை நோயாளிகளுக்கும் திருகி வகை கூடுதல் வசதி. எந்தக் கிளாம்பை முன்னே திறப்பது என்ற குழப்பமே எழாது. ஆனால் திருகியைப் பிடித்துவைக்கத் தனித் தாங்கி வேண்டும், மேசையில் இடமும் வேண்டும். அல்ட்ராபேக்குக்கு ஒரு கொக்கி போதும். அதில் அடைப்பை முழுதாக உடைக்காமல் விட்டால் திரவம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். "குழாய் அடைத்துக்கொண்டது" என்று பதறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பயன்படுத்தும் முறை எந்த வகைக்கும் பொது. ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்த வேண்டும். மாஸ்க் போட்டுக் கையைச் சோப்பால் கழுவி முழுதாக உலர்த்த வேண்டும், ஈரக் கை கூடாது. பையில் காலாவதி தேதி, குளுக்கோஸ் சதவீதம், அளவு, தெளிவு ஆகியவற்றைப் பார்த்து, ஓர் அழுத்து அழுத்திக் கசிவு உண்டா என்று சோதிக்கவும். உடல் சூட்டுக்குக் கொண்டுவர உலர் சூட்டுப் பட்டை போதும். வெந்நீரில் போட்டால் ஈரத்தோடு கிருமி முனைக்கு வரும். மைக்ரோவேவில் சூடு சமமாகப் பரவாமல் உள்ளே ஓரிடம் மட்டும் கொதிக்கும்.

வடிவதற்கு 15 முதல் 20 நிமிடம். பிறகு டிரான்ஸ்ஃபர் செட்டை மூடி, புதிய திரவத்தை ஐந்து எண்ணும் வரை காலிப் பைக்கு விட்டால் குழாயில் இருந்த காற்றும் போய்விடும். நிரப்ப ஏறக்குறைய 10 நிமிடம். இந்தக் கழுவும் நீர் வடித்த பையில் சேர்வதால் எடை கூடும். வடித்த பையை எடைபோட்டு நோட்டில் குறிக்கும்போது அதைக் கழிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் உண்மையைவிட அதிகம் நீர் வெளியேறியதாகக் கணக்கு வரும். கால் வீங்கிக்கொண்டிருக்கும்போதும் நோட்டில் எல்லாம் சரியாகவே தெரியும்.

முனை எதிலாவது பட்டுவிட்டால் உடனே டிரான்ஸ்ஃபர் செட்டை மூடிவிட்டு டயாலிசிஸ் மையத்தை அழைக்க வேண்டும். திரவம் உள்ளே போகவில்லை என்றால் பொதுவாகச் செட்டை மாற்றினால் போதும். போய்விட்டால் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படும். துடைத்துவிட்டுத் தொடர்வதுதான் பெருந்தவறு.

வடித்த பையின் பின்னால் அச்சிட்ட தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். கலங்கி எழுத்து மறைந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனை. அந்தப் பையைக் கொட்டாமல் எடுத்துப் போகவும். மைக்ரோ லிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு வகை) என்றால் தொற்று என்றே கருதுவார்கள். மருந்தைப் பெரும்பாலும் திரவத்திலேயே கலந்து வயிற்றுக்குள் விடுவார்கள். வெள்ளை நூல்போல் மிதப்பது ஃபைப்ரின் என்ற புரத இழை, அதற்கு மருத்துவர் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் சேர்க்கச் சொல்லலாம். சரியாக வடியவில்லை என்றால் குழாயைச் சந்தேகிக்குமுன் மலச்சிக்கலைப் பார்க்கவும். நிரம்பிய குடல் குழாயை நெருக்கி இடம் மாற்றிவிடும்.

பையின் பெரிய குறை குளுக்கோஸ். 1.5, 2.5, 4.25 என மூன்று சதவீதம் உண்டு. எண் கூடக் கூட அதிக நீரை இழுக்கும். ஆனால் 2 லிட்டர் 4.25 சதவீதப் பையில் 85 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது, அதில் பெரும் பங்கு உடலுக்குள் போய்விடும். எடையும் சர்க்கரையும் ஏறும், ஆண்டுகள் போகப் போகச் சவ்வும் கெடும். சிறுநீரகம் செயலிழக்க முதல் காரணமே பலருக்குச் சர்க்கரை நோய் என்பதால் இது சின்ன விஷயமல்ல. உணவில் உப்பைக் குறைக்காமல், தேங்கும் நீரைச் சதவீதம் கூடிய பையால் சமாளிக்கும் பழக்கத்தை நான் ஒப்பமாட்டேன்.

இரவு நீண்ட நேரம் வயிற்றில் இருக்கும் திரவத்துக்கு 7.5 சதவீத ஐக்கோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸுக்குப் பதிலாக நீரை இழுக்கும் மாவுச்சத்து வகை) நல்ல மாற்று, நாளுக்கு ஒரு பைதான். உடலில் அது மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடையும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் மால்டோஸைக் குளுக்கோஸாகக் காட்டாத சர்க்கரைப் பரிசோதனை ஸ்டிரிப்பையே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை உண்மையில் தாழ்ந்திருக்கும்போது மீட்டர் உயர்வாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. சாதாரணத் திரவத்தின் அமிலத் தன்மையால் உள்ளே விடும்போது வலிக்கிறவர்களுக்கு பைகார்பனேட் உள்ள இரண்டு அறைப் பை உதவும். நடுத் தடுப்பைத் திறந்து இரண்டையும் கலந்த பிறகே விட வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். நாள்தோறும் 5 முதல் 10 கிராம் புரதம் வடிந்த நீரோடு போகும், எனவே டயாலிசிஸுக்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்ன பழைய உணவுத்தாள் இங்கே செல்லாது. புதியதைக் கேட்டு வாங்கவும்.

அல்ட்ராபேக்கின் முனை ஸ்டே சேஃப் டிரான்ஸ்ஃபர் செட்டில் பொருந்தாது, ஸ்டே சேஃப் முனை அல்ட்ராபேக்கின் செட்டிலும் சேராது. வகையை மாற்ற வேண்டுமானால் டிரான்ஸ்ஃபர் செட்டையும் மையத்தில் மாற்ற வேண்டும். வெளியூர் போனாலும், வேறு நோய்க்கு மருத்துவமனையில் சேர்ந்தாலும் சொந்தப் பைகளையும் மூடிகளையும் கூடவே எடுத்துச் செல்லவும்.