ஆரக்கிள் ஏ.எஸ்.எம்.: பகிர்சேமிப்பகத்தில் தரவுத்தளக் கோப்புகள்

ஆரக்கிள் தரவுத்தளத்தின் 10ஜி பதிப்புடன் அறிமுகமான ஏ.எஸ்.எம். (ஆட்டோமேட்டிக் ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட்) என்ற வட்டு மேலாண்மை மென்பொருள், எந்தக் கோப்பை எந்த வட்டில் வைப்பது என்ற நிர்வாகியின் தலைவலியைப் பெருமளவு தீர்த்துவிட்டது. பல வட்டுகளைச் சேர்த்து வட்டுக் குழு ஒன்றை அமைத்துவிட்டால், ஒவ்வொரு தரவுக் கோப்பையும் சிறு அலகுகளாகப் பிரித்து, எல்லா வட்டுகளிலும் அவற்றின் கொள்ளளவுக்கேற்பப் பரப்பிவிடுவதால், ஒரு வட்டு திணற மற்றவை சும்மா கிடக்கும் நிலை அரிதாகிறது.

புதிய வட்டைச் சேர்க்கும்போதுதான் இதன் வலிமை முழுமையாகத் தெரிகிறது. தரவுத்தளத்தை நிறுத்தாமலேயே அலகுகள் மறுபகிர்வு செய்யப்படுகின்றன. அதன் வேகத்தைப் பவர் லிமிட் என்ற அளவுருவால் கட்டுப்படுத்தலாம். அலுவல் நேரத்தில் அதைக் குறைத்து வைப்பதே நல்லது, ஏனெனில் மறுபகிர்வும் பயனர்களின் வினவல்களும் அதே வட்டுகளுக்காகவே போட்டியிடுகின்றன.

ஆனால் இம்மென்பொருள் கொள்ளளவைப் பார்க்கிறதே தவிர, வேகத்தைப் பார்ப்பதில்லை. எஸ்.எஸ்.டி.யையும் சுழல்வட்டையும் ஒரே குழுவில் கலந்தால், வேகமானது மெதுவானதற்காகக் காத்திருக்க நேரிடும். அதைவிட எளிதில் கண்ணில் படாத சிக்கல் ஒன்றுண்டு: சேமிப்பகக் குழுவினர் ஒரே வட்டுத் தொகுப்பிலிருந்து பல லன்களை (சர்வருக்குத் தனி வட்டுபோல் தோன்றும் சேமிப்பகப் பகுதிகளை) வெட்டித் தந்திருந்தால், ஏ.எஸ்.எம். அவற்றைத் தனித்தனி வட்டுகளாகவே கருதும். அப்போது பரப்பல் பெயரளவில்தான் இருக்கும். ஆகவே லன்களின் அளவை மட்டுமன்றி, அவற்றின் பின்னுள்ள வட்டுகளையும் கேட்டறிவது அவசியம்.

ஒரு வட்டு பழுதானாலும் தரவு இழக்காமல் காக்கும் ரெய்டு பாதுகாப்பு சேமிப்பகத்திலேயே இருக்குமானால், ஏ.எஸ்.எம். தன் பங்குக்கு நகல் எடுக்காத எக்ஸ்டர்னல் ரிடன்டன்சியே பெரும்பாலும் போதுமானது. இரு நகல்கள் வைக்கும் நார்மல் ரிடன்டன்சியைத் தேர்ந்தால், வட்டில் எழுதும் ஒவ்வொரு செயலும் இரட்டிப்பாகும். கோப்புகளை வழக்கமான இயங்குதளக் கட்டளைகளால் பார்க்க முடியாமல், ஏ.எஸ்.எம்.சி.எம்.டி. என்ற தனிக் கட்டளைக் கருவியை நாடவேண்டியிருப்பது பழகும்வரை சற்று எரிச்சலூட்டும்.