கியர்பாக்ஸ் போச்சு என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

மூன்று மாதச் சம்பளம். முழுசாக மூன்று மாதச் சம்பளத்தை ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். ஆற அமர எழுத எனக்குப் பொறுமை இல்லை.

18 வருஷப் பழைய ஆட்டோமேட்டிக் கார். திடீரென்று மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்ளும், நின்று கிளம்பினால் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி நகரும், ஆனால் எஞ்சினை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் போகும். இதை அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கிடம் மூன்று தடவை சொன்னேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேனர் மாட்டினார், பி0700 என்று ஒரு கோட் எண் வந்தது, "கியர்பாக்ஸ் போச்சு சார்" என்றார்.

அப்போதும் தயங்கினேன். மறுநாள் கூப்பிட்டு, கழற்றி வைத்த ஆயில் பானின், அதாவது கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டின், காந்தத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி அப்பியிருந்தது. அதை விரலால் வழித்து என் உள்ளங்கையில் தடவி, "எல்லாம் உள்ள தேஞ்ச இரும்பு சார், உங்ககிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றார். அந்த நிமிஷம் நம்பிவிட்டேன். பில்கூடக் கேட்காமல் கியர்பாக்ஸ் வேலைக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்தேன்.

வண்டி வந்த நாலாம் நாள் மறுபடி அதே மூன்றாவது கியர். போன் செய்தால் "புது கிளட்ச் செட் ஆகணும், 500 கிலோமீட்டர் ஓட்டுங்க". ஓட்டினேன். அப்புறம் "பையன் லீவு". அப்புறம் "நான் ஓட்டிப் பார்த்தேனே, நல்லாத்தானே இருக்கு". கடைசியில் "வயசான வண்டி சார், அவ்வளவுதான்". கழற்றிய பாகங்களைக் கேட்டால் பழைய இரும்புக்குப் போட்டாச்சாம்.

முந்தாநாள் வேறொரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். பி0715ம் சேர்ந்தே வந்திருக்கிறது, அதாவது இன்புட் ஸ்பீடு சென்சார், கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியின் வேகத்தை அளப்பது. கனெக்டரைக் கழற்றிக் காட்டினார், பின்னில் பச்சையாகக் களிம்பு. சென்சாரிலிருந்து தகவல் வராததால் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டி வைத்திருக்கிறது. சுத்தம் செய்து மாட்டினார். நேற்று முழுக்க ஓட்டினேன், ஒரு தடவைகூட மாட்டவில்லை. இதற்கா மூன்று மாதச் சம்பளம்?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பி0700 கோளாறின் பெயரே இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், கூட வரும் மற்ற கோட் எண்ணைக் கேளுங்கள். அணைத்துப் போட்டால் சரியாகிறதென்றால் முதலில் வயரையும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். காந்தத்தில் மைபோல ஒட்டும் பொடி எல்லா வண்டியிலும் இருக்கும், சில்லு சில்லாக இரும்பு கிடந்தால்தான் பயம். ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடிக்கிறதா என்று நீங்களே வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கழற்றிய பாகத்தை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நேற்று இரவும் அந்த முதல் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.